பாக்குவெட்டிக்கு விழுந்த 31 ஓட்டுகள்

2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று நான் வாங்கிய ஓட்டுகள் 412. நோட்டாவுக்கு என்னைவிட மூன்று மடங்குக்கும் மேல் விழுந்தது. டெபாசிட் 10,000 ரூபாய் போனது தனி. தேர்தல் செலவாக நான் கணக்குக் காட்டிய தொகை 41,260 ரூபாய். ஓட்டு ஒன்றுக்கு நூறு ரூபாய் ஆகிறது என்று என் மைத்துனர் காகிதத்தில் வகுத்துக் காட்டினார். மற்றவர்கள் ஒரு ஓட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும், அதோடு ஒப்பிட்டால் நான் மலிவாகத்தான் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

சேலம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் எனக்குச் சின்னதாக ஓர் அச்சகம் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு பழைய டிரெடில் அச்சு இயந்திரம், ஒரு மினி ஆப்செட். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புத்தகம், மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கட்சிகளுக்கும் பிட் நோட்டீஸ் அடித்துத் தருவேன். பாக்கி வைக்காத கட்சியை இந்த முப்பது வருடத்தில் நான் கண்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கொள்கை வேறுபாடு கிடையாது.

நான் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரு வாய்க்கால். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்த வரத்து வாய்க்கால் புல வரைபடத்தில் முழுதாக இருக்கிறது. தரையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியில் ஒருவர் தென்னை வைத்திருக்கிறார், ஒருவர் மாட்டுக் கொட்டகை போட்டிருக்கிறார், ஒருவர் மனை பிரித்து விற்றுவிட்டார். ஒன்பது வருடம் மனுக் கொடுத்தேன். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், ஜமாபந்தி என எதையும் விடவில்லை. ஒப்புகைச் சீட்டுகளை மட்டும் கட்டி வைத்தால் ஒரு ரீம் தேறும். கடைசியாகப் போன அலுவலகத்தில், மனுவை வாங்கியவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "நீங்கள் யார்? விவசாயிகள் சங்கமா, கட்சியா, பத்திரிகையா?"

"பத்திரிகை அடிப்பவன்" என்றேன். "கல்யாணப் பத்திரிகை."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கம் சுற்றினாலும் நான் யாருமில்லை என்றுதான் முடிந்தது. இரண்டு வாரத்துக்காவது இந்த அரசாங்கம் என்னை யாரோ ஒருவனாக எழுதிக்கொள்ள வேண்டுமென்றால், அதற்குச் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் ஆகும்.

எங்கள் பக்கத்தில் தோற்பதற்காகவே தேர்தலில் நிற்பவர் என்று சொன்னால் எல்லோருக்கும் மேட்டூர் பத்மராஜன்தான் நினைவுக்கு வருவார். டயர் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். 1988இல் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்றிருக்கிறார். நரசிம்ம ராவ், வாஜ்பாய், மன்மோகன் சிங், மோடி என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. 2011இல் மேட்டூர் தொகுதியில் வாங்கிய 6,273 ஓட்டுகள்தான் அவர் எட்டிய உச்சம். அவருக்கும் முன்னோடி ஒருவர் வடக்கே இருந்தார். பரேலியில் துணி வியாபாரம் செய்த காகா ஜோகிந்தர் சிங். முந்நூறு தேர்தல்களுக்கு மேல் தோற்றவர், 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் 1,135 ஓட்டுகளோடு நான்காவதாக வந்தவர். "நீங்களும் அந்த வரிசையில் சேரப் போகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டார். தோல்வியை ஒரு கலையாகச் செய்கிற அளவுக்கு என்னிடம் காசும் இல்லை, மனமும் இல்லை. எனக்கு ஒரே ஒரு வாய்க்கால்தான் வேண்டியிருந்தது.

என் மனதில் இருந்த முன்னுதாரணம் மொடக்குறிச்சி. 1996இல் நான் ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் வேலைக்கு இருந்தேன். அந்த ஒரு சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறையை நாட்டுக்குத் தெரியவைக்கக் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, மொத்தம் 1,033 வேட்பாளர்கள் ஆகிவிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல் அடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த வாக்குச்சீட்டைப் பற்றித்தான் ஒரு மாதம் பேச்சு. எத்தனை ஃபாரம், அதாவது எத்தனை அச்சுத்தாள் மடிப்பு வரும், எப்படி பைண்டிங் செய்வார்கள், எந்தக் காகிதம் என்று. ஒரு ஓட்டுக்கூட விழாதவர்கள் அதில் பலர், அதாவது சொந்த ஓட்டையும் தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் 5,000 ஆனது, பிறகு 10,000 ஆகிவிட்டது. சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் போதும்.

இந்தப் பத்துப் பேரில்தான் என் முதல் பாடம் தொடங்கியது. கேட்டவுடன் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்கள். டீக்கடை அண்ணன் முதல் ஆளாகப் போட்டார். மறுநாள் காலையில் அவரே அச்சகத்துக்கு வந்து, "தப்பாக நினைக்காதே தம்பி, எனக்கும் கடை நடக்க வேண்டும்" என்று பெயரை எடுத்துவிடச் சொன்னார். யார் என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்து வேண்டுமென்றால் இருபதைத் தேடுங்கள். ஒரு வேட்பாளர் நான்கு செட் வேட்புமனுவரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரே முறை கட்டினால் போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் இரண்டு செட் கொடுத்தேன், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பத்துப் பேர். பரிசீலனையன்று என் முதல் செட் தள்ளுபடியானது. எங்கள் ஊரின் மேற்குத் தெருவில் வடசாரி வீடுகள் ஒரு தொகுதி, தென்சாரி வீடுகள் பக்கத்துத் தொகுதி. முப்பது வருடமாக அந்தத் தெருவில் சைக்கிளில் போகிறேன், எனக்கு அது தெரியாது. முன்மொழிந்தவர்களில் ஒருவர் தென்சாரி. இரண்டாவது செட்தான் என்னைக் காப்பாற்றியது. வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள், அடையாள அட்டையை நம்பி எழுதாதீர்கள். கைநாட்டு வைப்பவரை முன்மொழியக் கூப்பிட்டால், அதற்கென்று அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னால் அவரை உட்காரவைத்து வைக்கச் செய்ய வேண்டும். வீட்டில் வைத்து வாங்கிவந்த ரேகை செல்லாது.

பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் கேட்கும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. காலியாக விட்டால் மனுவையே தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லாததற்கு 'இல்லை' என்று எழுத வேண்டும். நான் 'இல்லை' என்று எழுதிய இடங்களை என் மனைவி எண்ணிக்கொண்டே வந்தார். நகை, நிலம், வாகனம், முதலீடு. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பதினைந்து 'இல்லை'களில் சொல்லிவிட முடிகிறது. "டிரெடிலைச் சேர்க்கவில்லையா?" என்று கேட்டார். பழைய இரும்பு விலைக்குப் போட்டுச் சேர்த்தேன்.

தேர்தல் செலவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இதை விட்டவர்கள் கடைசி நாளில் வங்கிக்கு ஓடுவதைப் பார்த்தேன். மனுவைக் கொடுத்த பிறகு உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுளின் பெயராலோ, உளமாரவோ, உங்கள் விருப்பம். பரிசீலனை நாளுக்கு முன்பே இது முடிந்தாக வேண்டும், தானாக யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே கேட்டு எடுங்கள். அந்த அறையில், நான் வாசித்த அதே வாசகத்தைத்தான் எனக்கு முன்னால் வந்த பெரிய கட்சி வேட்பாளரும் வாசித்தார். அவரோடு வெளியில் நூறு பேர் நின்றார்கள். கொரோனா விதிப்படி உள்ளே இரண்டு பேர்தான் வரலாம். அந்தத் தேர்தல் முழுவதிலும் நாங்கள் இருவரும் ஒரே உயரத்தில் நின்றது அந்த ஒரு மேசையின் முன்னால்தான். அதனால்தான் காகித வேலையைப் பற்றி இவ்வளவு நீட்டுகிறேன். எதிர்ப்பைக் காட்டத்தானே நிற்கிறோம், படிவம் எப்படி இருந்தால் என்ன என்று வந்தவர்களின் மனுக்கள் பரிசீலனையன்று ஒவ்வொன்றாக விழுந்தன. அவர்கள் சொல்ல வந்ததும் கூடவே விழுந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் டெபாசிட்டைப் பத்து ரூபாய் நாணயங்களாகத் தட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆனது. மறுநாள் செய்தித்தாளில் நாணயங்களின் படம் வந்தது, அவர் எதற்காக நின்றார் என்பது வரவில்லை. வேடிக்கை காட்டுவது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேடிக்கையும் சொல்ல வந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே தேர்தலில் மதுரை தெற்கில் துலாம் சரவணன் என்ற சுயேச்சை, வீட்டுக்கொரு ஹெலிகாப்டர், நிலவுக்குச் சுற்றுலா, வேலை செய்ய ரோபோ என்று வாக்குறுதி கொடுத்தார். சின்னம் குப்பைத்தொட்டி. இலவசங்களைக் கிண்டல் செய்ய வந்தவரின் நோட்டீஸே கிண்டலாக இருந்தது, அதனால் வெளிநாட்டுச் செய்திகளில்கூட அது அடிபட்டது. நாணயத் தட்டில் அந்தப் பொருத்தம் இல்லை. அலுவலகக் குமாஸ்தாவுக்கு விரல் வலித்ததுதான் மிச்சம்.

மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கு முந்தைய இரவு ஒருவர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடித்தார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு, "வாபஸ் வாங்க வேண்டாம் அண்ணா, நில்லுங்கள். உங்கள் வண்டி அனுமதியையும், ஓட்டு எண்ணும் இடத்துக்கு முகவர் சீட்டுகளையும் மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். சுயேச்சைகள் சிலருக்கு எங்கிருந்து திடீரென்று ஜீப் வருகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. என்னிடம் இருப்பது டி.வி.எஸ். மொபெட், அதில் உங்கள் ஆட்கள் உட்கார மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினேன். இதற்கு மைத்துனர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

சின்னத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். வேட்புமனுவில் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். தண்ணீர்ப் பிரச்சினை என்பதால் முதலில் கிணறு. தொழிலுக்குப் பொருத்தமாக இரண்டாவது தட்டச்சு இயந்திரம். மூன்றாவதுக்கு எங்கே போகப்போகிறது என்று மேசைமேல் கண்ணில் பட்டதை எழுதினேன்: ஸ்டேப்ளர். கிணற்றுக்கு மூன்று பேர் போட்டி, குலுக்கலில் போய்விட்டது. தட்டச்சு இயந்திரமும் போய்விட்டது. மார்ச் 22 மாலை நான் ஸ்டேப்ளர் வேட்பாளராக வெளியே வந்தேன். பிரச்சாரம் ஏப்ரல் 4 மாலை முடிகிறது. ஸ்டேப்ளர் என்றால் என்ன என்று கிராமத்தில் சொல்லிப் புரியவைக்க எனக்கு இருந்தது பதின்மூன்று நாள். மூன்றாவது சின்னத்தை முதலாவதைப் போல யோசித்து எழுதுங்கள்.

இன்னொன்றும் சேர்ந்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒரு பெட்டிக்குப் பதினாறு பெயர்கள்தான் கொள்ளும். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசி. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. எங்கள் தொகுதியில் 22 பேர், நான் 19ஆவது. அதாவது இரண்டாவது பெட்டி. நானும் நோட்டாவும் இன்னும் சிலரும் அங்கே தனிக்குடித்தனம். ஆகவே என் பிரச்சாரத்தில் பாதி நேரம் வாய்க்காலைப் பற்றி, மீதி நேரம் 'இரண்டாவது பெட்டி' என்பதைப் பற்றி.

அன்றிரவே நோட்டீஸ் அடித்தேன். தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் அச்சகத்துக்கு இரண்டு பிரதியில் உறுதிமொழி எழுதித் தர வேண்டும், அவரை நேரில் அறிந்த இருவர் அதில் சான்றொப்பம் இட வேண்டும், அச்சகம் அதை மாவட்டத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வெளியிடுபவனும் நானே, அச்சிடுபவனும் நானே. எனக்கு நானே உறுதிமொழி எழுதி, எனக்கு நானே அதை வாங்கிக்கொண்டு, எனக்கு நானே பில் போட்டேன். சொந்த அச்சகம்தானே என்று செலவைக் காட்டாமல் விட முடியாது, சந்தை விலையைக் கணக்கில் ஏற்ற வேண்டும். டீ, சாப்பாடு, நாற்காலி எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் ஒரு விலைப்பட்டியல் போட்டுவிடுவார்கள். நீங்கள் எந்த விலைக்கு டீ குடித்தாலும் அந்தப் பட்டியல் விலைதான் எடுத்துக்கொள்ளப்படும். செலவுப் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் தினசரிச் செலவு, இளஞ்சிவப்புப் பக்கம் ரொக்கம், மஞ்சள் பக்கம் வங்கி. மூன்று முறை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். என் பதிவேட்டைப் பார்த்த அலுவலர், ஒரு நாள் முழுவதும் பெட்ரோல் 110, டீ நான்கு என்று மட்டும் இருப்பதை நம்பாமல் இரண்டு தடவை புரட்டினார். தொகுதிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு அப்போது 30.8 லட்சம். நான் அதன் நிழலைக்கூடத் தொடவில்லை.

எங்கே போய் ஓட்டுக் கேட்பது என்பதில் ஒன்று சொல்கிறேன். மாலையில் தெருத்தெருவாகப் போகாதீர்கள். அது பெரியவர்களின் நேரம், அவர்களின் மேளத்தில் உங்கள் குரல் எடுபடாது. ஜனங்கள் ஏற்கெனவே காத்து நிற்கிற இடத்துக்குப் போங்கள். எனக்கு வாய்த்தது பால் சொசைட்டி. விடியற்காலை ஐந்தரைக்கு நாற்பது பேர் கேனோடு நிற்பார்கள், எங்கும் ஓட முடியாது, எல்லோருக்கும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கவலை உண்டு. புல வரைபடத்தின் நகலைப் பெரிதாக அடித்துக் கொண்டுபோய் விரித்தேன். என் பேச்சைவிட அந்தப் படம் வேலை செய்தது. "இது எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் அல்லவா போகிறது?" என்று குனிந்து பார்த்தார்கள். குனிந்து பார்த்தவர்களில் ஆக்கிரமித்தவர் ஒருவரும் இருந்தார். அவர் தன் கேனைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனார்.

ஒரு பெண் மட்டும் நேராகக் கேட்டார். "நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை அண்ணா. உங்களுக்குப் போட்டால் என் ஓட்டு வீண்தானே?" இதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில் எதுவும் வாயில் வரவில்லை. "ஆமாம்" என்றுதான் சொன்னேன். அவர் நோட்டீஸை மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 6. முந்நூறுக்கும் மேற்பட்ட சாவடிகளில் எனக்கு முகவர் கிடைத்தது நான்கில். எங்கள் சாவடியில் என் மனைவி உட்கார்ந்தார். விடியற்காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது ஐம்பது ஓட்டு, எல்லா வேட்பாளருக்கும் அழுத்திப் பார்ப்பார்கள். எனக்கும் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் தலா இரண்டு. பிறகு அதையெல்லாம் அழித்துவிட்டு உண்மையானதைத் தொடங்கினார்கள்.

மே 2, வாக்கு எண்ணிக்கை. கொரோனா இல்லை என்ற சான்றோ, இரண்டு தவணை ஊசியோ இல்லாமல் உள்ளே விடவில்லை. கம்பி வலைக்குப் பின்னால் முகவர்கள் உட்காரும் வரிசையிலும் சுயேச்சை கடைசி. சுற்றுக்குச் சுற்று என் பெயருக்கு நேரே 9, 14, 22 என்று வரும். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி என்று பக்கத்து சுயேச்சை சொன்னார். அவருக்கு வந்தது டக் அவுட்.

பிறகு நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். படிவம் 20 வாங்கிப் பார்த்தேன். அதில் சாவடிவாரியாக யாருக்கு எத்தனை என்று இருக்கும். என் வீட்டில் நான்கு ஓட்டு, அண்ணன் வீட்டில் மூன்று, சித்தப்பா வீட்டில் ஐந்து, அச்சகப் பையன்கள் இரண்டு. பதினான்கு. எங்கள் சாவடியில் எனக்கு விழுந்தது பதினொன்று. ஒரு வாரம் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தேன். சித்தப்பா வீட்டில் அந்த வாரம் காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது, அதைக்கூட ஒரு தடயமாக எடுத்துக்கொண்டேன். "கணக்குப் பார்ப்பதை நிறுத்துங்கள்" என்று என் மனைவி அந்தப் படிவத்தைப் பரண்மேல் போட்டார். நீங்கள் நின்றால் படிவம் 20ஐப் பாருங்கள், உங்கள் சொந்தச் சாவடி இருக்கும் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

ஆனால் அதே படிவத்தில் இன்னொரு எண் கண்ணை உறுத்தியது. மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிராமம். நான் போனதே இல்லை, அங்கே எனக்கு ஒரு சொந்தமும் இல்லை. அந்த ஒரு சாவடியில் எனக்கு 31 ஓட்டு.

உடனே போக முடியவில்லை. மே 10இலிருந்து முழு ஊரடங்கு. அதற்கு நடுவில்தான் தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்த முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். டெபாசிட்டே போய்விட்டது, இனி எதற்குக் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுவரை எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் செய்யலாம். கடைகள் அடைத்திருக்க, நோட்டரி வழக்கறிஞர் வீட்டுத் திண்ணையில் முகக்கவசத்தோடு நின்று பிரமாணப் பத்திரத்தில் முத்திரை வாங்கி, வழியில் போலீஸ்காரரிடம் நான் வேட்பாளர் என்று நிரூபித்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்கவில்லை. அதில் எனக்கு ஒன்பது வருடப் பயிற்சி.

ஜூலை கடைசியில்தான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் நான்கைந்து பாட்டிகள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இன்னார், தேர்தலில் நின்றேன், இந்த ஊரில் எனக்கு நிறைய ஓட்டு விழுந்திருக்கிறது, நன்றி சொல்ல வந்தேன் என்றேன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை.

"என்ன சின்னம் கண்ணு?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

"ஸ்டேப்ளர்."

அப்படியொன்றுக்கு நாங்கள் போடவே இல்லை என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். சட்டைப்பையில் இருந்த நோட்டீஸை விரித்துக் காட்டினேன். பாட்டி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அட, பாக்குவெட்டி!"

சின்னக் கறுப்புவெள்ளைப் படத்தில் ஸ்டேப்ளர் அசல் பாக்குவெட்டிதான். இரண்டு கை, ஒரு முனையில் கீல், வாய் திறந்திருக்கிறது. முப்பது வருடம் அச்சுத் தொழிலில் இருக்கும் எனக்கு அது தெரியவில்லை. "முதல் பெட்டியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டாயிற்று சாமி. ரேஷன் கடை இன்னும் நான்கு மைல் தள்ளித்தான் இருக்கிறது. இந்தப் பெட்டியில் நம் சாமான் ஒன்று இருக்கிறதே என்று நான்தான் முதலில் வந்து சொன்னேன்" என்றார் பாட்டி. அந்த ஊர்ப் பெண்களிடம் அன்று காலை வரிசையில் அது பரவியிருக்கிறது. என் வாய்க்காலைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையைப் பற்றி எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நோட்டீஸில் இரண்டு வரி சேர்த்திருப்பேன். கிளம்பும்போது கொட்டைப்பாக்கு ஒன்று கொடுத்தார்கள்.

வாய்க்கால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிரச்சாரத்தின் கடைசி வாரத்தில் முக்கிய வேட்பாளர்கள் இருவருமே மேடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் புல எண்ணைக்கூடச் சரியாகச் சொன்னார், என் நோட்டீஸைப் பார்த்துத்தான் படித்திருப்பார். அடுத்து நான் மனுவோடு போனபோது அதே அலுவலகத்தில் அதே மனிதர் தலையைத் தூக்கிப் பார்த்து, "நீங்கள் அந்த வேட்பாளர்தானே, உட்காருங்கள்" என்றார். நாற்காலி கிடைத்தது. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். மாட்டுக் கொட்டகை போயிற்று, தென்னை போகவில்லை, மனைகள் கோர்ட்டில் இருக்கின்றன. அந்த நவம்பரில் கொட்டிய மழைக்கு ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மழை என்னால் வரவில்லை என்று மைத்துனர் எல்லோரிடமும் தெளிவுபடுத்தினார்.

2022 பிப்ரவரியில் பேரூராட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. டெபாசிட் ஆயிரம் ரூபாய். என் மனைவி படிவங்களைத் தானே நிரப்பினார், என்னைத் தொடவிடவில்லை. சின்னங்களின் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, பக்கத்து வீட்டுப் பாட்டியை உட்காரவைத்து, ஒவ்வொரு படமாகக் கரண்டிக் காம்பால் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இது என்ன பாட்டி? சரி, இது?"